வீட்டில் கடும் வருத்தம்: பிள்ளைகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்குக் கடும் நோய் வந்தால் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது, அவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று, பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியையாக இருந்த காலத்தில் பெற்றோர் என்னிடம் கேட்ட சந்தேகங்களும், ஓய்வு பெற்ற பிறகு கிளினிக் வரிசையில் பக்கத்தில் இருப்பவர்கள் கேட்கிற சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கேட்டதையே காத்தான்குடியிலும் கேட்கிறார்கள், கல்முனையிலும் கேட்கிறார்கள். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் போட்டிருக்கிறேன். மருந்து சம்பந்தமான எதிலும் உங்கள் டொக்டர் சொல்வதுதான் முடிவு.

மகனுக்கு எட்டு வயசுதான். அம்மாக்குக் கான்சர் எண்டு அவனுக்குச் சொல்லத்தான் வேணுமா?

சொல்ல வேண்டும். அவனுக்கு ஏற்கெனவே பாதி தெரியும். அம்மா இரண்டு கிழமையாகச் சமைக்கவில்லை. மாமா இரவில் வந்து முற்றத்தில் நின்று குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். ஸ்கேன் படம் அலுமாரிக்கு மேல் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தால் அம்மம்மா, பெரியம்மா, சித்தி எல்லாரும் ஒரே வளவில் அல்லது ஒரே ஒழுங்கையில் இருப்பார்கள். அப்படியான இடத்தில் ஒரு விஷயம் பிள்ளைக்கு மட்டும் தெரியாமல் இருக்கும் என்பது பெரியவர்களின் ஆசை, அவ்வளவுதான்.

அவன் அதை யாரிடமிருந்து கேட்கப் போகிறான் என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. நீங்கள் சொல்லாவிட்டால் ரியூசனில் பக்கத்தில் இருக்கிற பிள்ளை சொல்லும்: "உங்கட அம்மா சாகப் போறாவாம்." அந்தப் பிள்ளை அதைத் தன் வீட்டில் கேட்டிருக்கும். அப்படிக் கேட்டுவிட்டு வருகிற பிள்ளை உங்களிடம் எதுவும் கேட்காது. நீங்கள் மறைக்கிற விஷயம் என்று அதற்குத் தெரிந்துவிட்டதே. எட்டு வயதில் அந்தப் பயத்தை அவன் தனியாக வைத்துக்கொண்டு இருப்பான். நான் பார்த்த பிள்ளைகளில், உண்மை தெரிந்த பிள்ளைகளைவிட இப்படி ஒளித்துத் தெரிந்துகொண்ட பிள்ளைகள்தான் கூடக் கஷ்டப்பட்டார்கள்.

சரி, சொல்லுறது எண்டா எப்படித் தொடங்குறது? எனக்கு வாயே வராது.

முதலில் கேளுங்கள்: "அம்மாக்கு என்ன எண்டு நீ நினைக்கிறாய்?" அவன் சொல்வதிலிருந்து தொடங்கலாம். படுக்கப் போகும் நேரமும் பாடசாலைக்குக் கிளம்பும் நேரமும் வேண்டாம். பின்னேரம், வேறு வேலை இல்லாத நேரம் நல்லது. வருத்தத்தின் பெயர், உடம்பில் எந்த இடம், இப்போது என்ன வைத்தியம் நடக்கிறது, இந்த மூன்றும் போதும். "அம்மாட மார்பில ஒரு கட்டி வந்திருக்கு. அதுக்குப் புற்றுநோய் எண்டு பேர், கான்சர் எண்டும் சொல்லுவாங்க. பெரியாஸ்பத்திரியில மருந்து ஏத்தப் போறாங்க. ஏத்தின நாளில அம்மாக்குச் சத்தி வரும், களைப்பா இருக்கும்." பெயரைச் சொல்லாமல் "வயித்து வருத்தம்" என்று விட்டால், அடுத்த மாதம் தனக்கு வயிறு வலிக்கும்போது அவன் என்ன நினைப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

அவன் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியவை இன்னும் சில உண்டு. இது நீ செய்த எதனாலும் வந்ததில்லை. உன்னை இன்னார் பார்த்துக்கொள்வார், பாடசாலைக்கு இன்னார் கூட்டிப்போவார். கீமோ மருந்தில் தலைமயிர் கொட்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். வழக்கமாக முதல் மருந்து ஏற்றி இரண்டு மூன்று கிழமையில் கொட்டத் தொடங்கும். நேர்த்திக்கு மொட்டையடித்த தலைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். முன்பே சொல்லி வைத்தால் பெரிதாகப் பயப்படுவதில்லை.

இவ்வளவும் கேட்டுவிட்டு அவன் "சரி" என்று சொல்லிவிட்டு மட்டையைத் தூக்கிக்கொண்டு விளையாடப் போகலாம். அவனுக்குக் கவலை இல்லை என்று அர்த்தம் எடுக்க வேண்டாம். நாலு நாள் கழித்து சைக்கிளில் பின்னால் இருந்து வரும்போது ஏதாவது கேட்பான். பதில் சொல்ல அப்போது தயாராக இருங்கள்.

சின்னவளுக்கு மூண்டு வயசு. அவளுக்கு என்ன விளங்கும்?

நாளைக்கு அம்மா இருப்பாவா, சோறு யார் தருவார், இரவில் யாருடன் படுப்பது என்பதுதான் அவளுடைய உலகம். அதைச் சொல்லுங்கள். ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்குச் சாவு என்றால் திரும்பி வராதது என்று பிடிபடாது. ஒரே கேள்வியைப் பத்துத் தரம் கேட்பாள். பத்துத் தரமும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும், அதில்தான் அவளுக்கு ஆறுதல். ஆறு முதல் ஒன்பது வயது வரை மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கும். ஆனால் "நான் அம்மாவை ஏசினேன், அதான் வருத்தம் வந்தது" என்று தன் மேல் போட்டுக்கொள்வதும் இந்த வயதில்தான். பத்துக்கு மேல் பெரியவர்களைப் போலவே விளங்கும். பதின்மூன்று பதினாலு வயதுப் பிள்ளை நீங்கள் சொல்லும் முன்பே போனில் தேடிப் படித்திருக்கும், அதுவும் நள்ளிரவில், தனியாக. அவர்களிடம் "என்ன படிச்சாய், காட்டு" என்று பக்கத்தில் உட்காருங்கள். முடிந்தால் அடுத்த கிளினிக்குக்குக் கூட்டிப்போய், டொக்டரிடம் ஒரு கேள்வி கேட்க விடுங்கள்.

அப்பாவைக் கட்டிப் பிடிக்கலாமா? தொத்தாதா?

புற்றுநோய், இதய வருத்தம், சிறுநீரக வருத்தம், பாரிசவாதம் எதுவும் தொற்றாது. கட்டிப் பிடிக்கலாம், பக்கத்தில் படுக்கலாம். "கரண்ட் பிடிக்கிறது" என்று சனம் சொல்கிற கதிர்ச் சிகிச்சையைக் கேட்டுவிட்டு, அப்பாவைத் தொட்டால் கரண்ட் அடிக்கும் என்று பயந்து தள்ளி நின்ற பிள்ளைகளும் உண்டு. வெளியிலிருந்து இயந்திரத்தால் கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது. தைரொயிட் புற்றுநோய்க்குக் கதிரியக்க அயடீன் குடிக்கக் கொடுத்திருந்தால் கதை வேறு. அப்போது சின்னப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் எத்தனை நாள் தள்ளி இருக்க வேண்டும் என்று வைத்தியசாலையில் சொல்வார்கள், அதைக் கண்டிப்பாகக் கேளுங்கள்.

கீமோ காலத்தில் ஆபத்து எதிர்ப்பக்கம். நோயாளியின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும், அதனால் பிள்ளைக்குத் தடிமன், காய்ச்சல், கொப்பளிப்பான் இருந்தால் சுகமாகும் வரை பிள்ளைதான் தள்ளி இருக்க வேண்டும். மருந்து ஏற்றி முதல் இரண்டு நாள் சத்தியையும் சிறுநீரையும் பெரியவர்கள் கையுறை போட்டுத் துப்புரவு செய்ய வேண்டும். பிள்ளைகளை அந்த வேலைக்கு விட வேண்டாம்.

சயரோகம் (காசநோய்) தொற்றும். வீட்டில் ஒருவருக்கு அது இருந்தால் பிள்ளைகளை மார்பு நோய் சிகிச்சை நிலையத்தில் காட்டிச் சோதிக்க வேண்டும். மருந்து தொடங்கிச் சில கிழமையில் தொற்றும் தன்மை வழக்கமாகக் குறைந்துவிடும், ஆனால் குறைந்தது ஆறு மாதம் மருந்து எடுக்க வேண்டும். அதைச் சொல்லி, எப்போது கட்டிப் பிடிக்கலாம் என்ற திகதியை டொக்டரிடம் கேட்டுப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். திகதி தெரிந்தால் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

பிள்ளைக்கு முன்னால அழக்கூடாது எண்டு மாமி சொல்லுறா.

மாமி சண்டைக் காலத்தையும் 2004 சுனாமியையும் பார்த்தவ. வாயை மூடிக்கொண்டு எழும்பி நின்றுதான் அந்தத் தலைமுறை பிள்ளைகளை வளர்த்தது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் நீங்கள் கொஞ்சம் அழலாம். அழுதால் காரணத்தைச் சொல்லுங்கள்: "அம்மாட வருத்தத்தை நினைச்சுக் கவலை வந்திச்சு, அதான். இப்ப பரவாயில்ல." அப்புறம் எழும்பிப் போய்த் தேநீர் ஊற்றுங்கள். அழுத ஆள் எழும்பி நடமாடுகிறதையும் பிள்ளை பார்க்க வேண்டும். நெஞ்சில் அடித்து ஒப்பாரி வைக்கிற அளவுக்கு வந்தால், அந்த நேரம் பிள்ளையைச் சித்தி வீட்டுக்கு அனுப்புவது நல்லது.

வார்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா?

பிள்ளை போக ஆசைப்பட்டால் போகலாம். சில வார்ட்டுகளில் சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். முதல் நாளே வார்ட்டில் இருக்கிற தாதி மிஸ்ஸிடம் கேட்டு வைத்தால், சில நேரம் நோயாளியை வெளி விறாந்தைக்குக் கூட்டிவந்து காட்டுவார்கள். போகும் வழியிலேயே பார்க்கப் போவதைச் சொல்லுங்கள்: கையில் சேலைன் ஊசி, மூக்கில் ஒட்சிசன் குழாய், கட்டிலின் கீழே சிறுநீர்ப் பை, பக்கத்துக் கட்டிலில் முனகுகிற ஆள். போனில் ஒரு படம் எடுத்து முன்பே காட்டலாம். பத்து நிமிஷம் போதும். வரமாட்டேன் என்றால் இழுத்துப் போக வேண்டாம், ஒரு படம் கீறிக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

மஹரகமைக்குப் போனால் வர ஒரு மாசமாகும். பிள்ளையளை எங்க விடுறது?

மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவு இருந்தாலும் சிலரைக் கொழும்புப் பக்கம் மஹரகமவில் இருக்கிற அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பத்தான் செய்கிறார்கள். இராப் பயணம், தங்குமிடச் செலவு, கூடவே போகிற ஆளின் வேலை என்று வீடே குழம்பும். முடிந்தவரை பிள்ளைகளை அவர்களுடைய வீட்டிலேயே வைத்து, பார்த்துக்கொள்கிற ஆள் அங்கே வந்து தங்கட்டும். அதே பாடசாலை, அதே ரியூசன், அதே படுக்கை. பார்த்துக்கொள்கிறவர் வந்து தங்க முடியாமல் பிள்ளைகளை வேறு வீட்டில் விட்டாலும் அண்ணனையும் தங்கச்சியையும் பிரிக்காதீர்கள். "அவனை நான் வச்சிருக்கன், அவளை நீ கொண்டு போ" என்று சொந்தங்கள் அன்பாகத்தான் பங்கு பிரிப்பார்கள். பிள்ளைக்கு அது இரண்டாவது இழப்பு.

சொல்லாமல் விடியற்காலையில் கிளம்ப வேண்டாம். அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுப் போங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்கு வட்ஸ்அப்பில் ஒரு கோல். நேரம் மாறினால் முன்பே சொல்லுங்கள், ஏனென்றால் வராத கோலுக்குப் பிள்ளை தானாக ஒரு காரணம் கண்டுபிடிக்கும்.

மனுசி குவைத்தில. எனக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் ஏலாது. அவக்குச் சொல்ல வேணாம் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லி வச்சிருக்கன்.

உங்கள் பயம் விளங்குகிறது. தெரிந்தால் அவ வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவா, ஏஜென்சிக் கடன் நிற்கும், அங்கே அழுதால் வீட்டுக்காரி ஏசுவா. எல்லாம் உண்மைதான். ஆனால் நீங்கள் இப்போது செய்திருப்பது, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தாயிடம் நடிக்க வைப்பது. அம்மா கேட்பா: "அப்பா எங்க?" பிள்ளை சொல்லும்: "வயலுக்குப் போயிட்டார்." போனை வைத்துவிட்டு உங்களுக்கு வாயைத் துடைத்துவிடும். இந்த வகையான பிள்ளைகள்தான் வகுப்பில் தலையைக் குனிந்துகொண்டு இருப்பார்கள், கேட்டால் "ஒண்டுமில்ல மிஸ்" என்பார்கள்.

மனைவியிடம் பெரியவர் ஒருவர் சொல்லட்டும். உங்களால் பேச்சு வராவிட்டால் உங்கள் தம்பியோ அவவுடைய அக்காவோ பேசலாம். வர வேண்டுமா, இருந்து உழைக்க வேண்டுமா என்பது தெரிந்த பிறகு இரண்டு பேரும் எடுக்கிற முடிவு. அதன் பிறகு பிள்ளைகளிடம், "அம்மாக்குத் தெரியும், நீங்க இனி எதையும் மறைக்கத் தேவையில்ல" என்று நீங்களே சொல்லுங்கள். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனை வரப்போகுது. சோதனை முடியும் வரைக்கும் மறைச்சு வைக்கலாமா?

சோதனை அடுத்த கிழமை, வருத்தம் இன்றுதான் தெரிந்தது என்றால் சில நாள் தள்ளலாம். மூன்று மாதம் என்றால் முடியாது. முதல் கேள்வியில் சொன்னபடி அவனுக்கு எப்படியும் தெரிய வரும், பிறகு "சோதனைக்காக என்னை ஏமாத்தினீங்க" என்பதும் சேர்ந்துகொள்ளும். இன்னொன்றையும் கவனியுங்கள். "நீ பாஸ் பண்ணினால் அம்மாக்கு வருத்தம் குறையும்" என்று சொந்தக்காரர் உற்சாகப்படுத்துவார்கள். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்தால் அந்தப் பத்து வயதுப் பிள்ளை அம்மாவின் உயிருக்குக் கணக்குப் போடும்.

பாடசாலையில சொல்லத்தான் வேணுமா? ஊர் முழுக்கத் தெரிஞ்சிடுமே.

வகுப்பாசிரியருக்கு மட்டும் சொல்லுங்கள், பாடசாலையில் ஆலோசனை ஆசிரியர் இருந்தால் அவருக்கும். "பிள்ளைக்கு முன்னால் கேட்க வேண்டாம், வகுப்பில் சொல்ல வேண்டாம்" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரியாத ரீச்சர் வீட்டுவேலை செய்யவில்லை என்று முழங்காலில் நிறுத்துவார். தெரிந்த ரீச்சர் பின்னேரம் பத்து நிமிஷம் இருத்தி எழுத வைப்பார்.

வருத்தம் வந்ததிலிருந்து மகன் சரியான நல்ல பிள்ளையாயிட்டான். நல்லதுதானே?

நான் முதலில் கவலைப்படுவது இந்தப் பிள்ளையைப் பற்றித்தான். சண்டை பிடிக்கிற பிள்ளையை, திரும்பவும் படுக்கையில் சிறுநீர் கழிக்கிற பிள்ளையை எல்லாரும் கவனிப்பார்கள். அவை பெரும்பாலும் வீடு ஒரு ஒழுங்குக்கு வந்ததும் குறைந்துவிடும், அடிக்கக் கூடாது என்பது மட்டும் முக்கியம். கேட்காமலே படித்து, கேட்காமலே பாத்திரம் கழுவி, பசித்தாலும் சொல்லாத பிள்ளையை யாரும் பார்ப்பதில்லை. தான் ஒரு பிழை விட்டால் அப்பாவுக்கு வருத்தம் கூடும் என்று அவன் நினைத்துக்கொண்டு இருக்கலாம். "நீ குழப்படி செய்தாலும் அப்பாட வருத்தம் கூடாது" என்று நேராகச் சொல்லுங்கள். ஒரு நாள் அவன் கத்திச் சண்டை பிடித்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

மூத்தவளுக்குப் பதினாலு வயசு. அவள் இல்லாட்டி வீடு ஓடாது. என்ன செய்ய?

உதவி செய்யட்டும். உதவி செய்கிற பிள்ளைக்குத் தான் கையாலாகாதவள் என்ற எண்ணம் குறைவு. தண்ணி எடுத்துக் கொடுப்பது, தம்பிக்குச் சோறு போடுவது, அம்மாவின் காலைப் பிடித்துவிடுவது சரி. மருந்தின் அளவுக்குப் பொறுப்பு, இரவு முழுக்க விழித்திருப்பது, கீமோவுக்குப் பிறகு சத்தி அள்ளுவது (மேலே தொற்றுப் பற்றிய பதிலைப் பாருங்கள்) சரியில்லை. பாடசாலைக்குப் போகாமல் நிற்பது கொஞ்சமும் சரியில்லை. இலங்கையில் பதினாறு வயது வரை கட்டாயக் கல்வி, அதைச் சொல்லிச் சொந்தங்களிடம் வாதாடலாம்.

ஆண்பிள்ளைகளையும் வேலையில் சேருங்கள். பதினாறு வயது அண்ணன் கிரிக்கெட்டுக்குப் போக, பதினாலு வயதுத் தங்கச்சி உலையில் அரிசி போடுகிற காட்சி எனக்குப் பழகிப்போனது, பிடித்துப்போகவில்லை. வருமானம் நின்றுபோயிருந்தால் பிரதேச செயலகத்தில் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு பற்றிக் கேளுங்கள், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் அங்கேதான் இருக்கிறார்.

இவள்ட சாதகம்தான் தாய்க்குக் கூடாது எண்டு மாமி எல்லாருக்கும் சொல்லுறா. பிள்ளைக்குக் காதில விழுது.

சாதகம் பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் விருப்பம். அதைப் பிள்ளையின் காதில் போடுவதை மட்டும் இன்றே நிறுத்த வேண்டும், அதை நிறுத்த வேண்டியவர் அப்பா. ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளை ஏற்கெனவே தன்மேல் பழி போட்டுக்கொண்டிருக்கும் என்று மேலே சொன்னேன். பெரியவர் ஒருவர் வந்து அதைச் சரி என்று சொன்னால் அது அவளோடு வளரும். "அப்பம்மா கவலையில சொல்லுறா. அது உண்மையில்ல. அம்மாட உடம்புக்குள்ள வந்த வருத்தம் இது, நீ பிறந்ததால வந்ததில்ல" என்று மாமியின் முன்னாலேயே சொல்லலாம், மரியாதை கெடாமல். செய்வினை, கண்ணூறு என்ற பேச்சுக்கும் இதே பதில்தான். இன்னார் செய்தார் என்று பெயர் சொல்லிவிட்டால், பிள்ளை அந்த வீட்டைத் தாண்டித்தான் தினமும் பாடசாலைக்குப் போக வேண்டும்.

நேர்த்தி வேறு. கண்ணகி அம்மன் சடங்கில் அம்மாவுக்காகக் கும்பிடுவது, பள்ளியில் துஆ கேட்பது, தேவாலயத்தில் மெழுகுதிரி ஏற்றுவது எல்லாம் பிள்ளைக்குத் தானும் ஏதோ செய்கிறேன் என்ற தெம்பு. ஆனால் "நீ கும்பிட்டால் சுகமாகும்" என்று சொல்லி வைக்காதீர்கள். சுகமாகாமல் போனால் தன் கும்பிடு போதவில்லை என்று நினைக்கும். அம்மாக்குத் தெம்பு கொடுக்கக் கேட்கிறோம், மருந்தும் எடுக்கிறோம், அவ்வளவு போதும்.

தங்கச்சிக்கு இரத்தப் புற்றுநோய். அண்ணன்காரன் "எனக்கும் வருத்தம் வந்தா நல்லம்" எண்டுறான்.

கெட்ட எண்ணம் இல்லை அது. தங்கச்சிக்கு அப்பிளும் பொம்மையும் அம்மாவும் கிடைக்கிறது, தனக்கு அப்பம்மா வீட்டுச் சோறு. ஏசாதீர்கள். கிழமையில் ஒரு மணித்தியாலம் அப்பாவோ அம்மாவோ அவனோடு மட்டும், வாவிக் கரைக்கோ கடைக்கோ. அந்த நேரத்தில் தங்கச்சியின் கதையை நீங்களாக எடுக்க வேண்டாம்.

"எனக்கும் வருமா?" என்று பயத்தோடு கேட்கிற பிள்ளைக்கு வேறு பதில். புற்றுநோய்களில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். உங்கள் குடும்பத்தில் பலருக்கு ஒரே வருத்தம் இருந்தால் டொக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அப்பா குடிச்சுத்தான் ஈரல் பழுதாச்சு. மகன் அவர்ட முகத்தையே பார்க்கிறானில்ல. பாவம் எண்டு சொல்லிக் கொடுக்கலாமா?

சொல்லிக் கொடுத்து வராது. பதினைந்து வயதுப் பையனுக்கு அந்த வீட்டில் நடந்தது எல்லாம் ஞாபகம் இருக்கும். அப்பா வார்ட்டில் இருக்கும்போது வீடு அமைதியாக இருக்கிறதே என்று நிம்மதிப்பட்டு, நிம்மதிப்பட்டதற்காகத் தன்னையே வெறுத்துக்கொண்டும் இருப்பான். "உனக்குக் கோபம் வாறது நியாயம். கோபமும் பாசமும் ரெண்டும் ஒண்டா இருக்கலாம்" என்று யாராவது அவனிடம் சொல்ல வேண்டும். தாய்மாமன் நல்ல ஆள், பிள்ளை அவரை மதித்தால். குடிக்கு அடிமையாவதும் ஒரு வருத்தம்தான் என்று விளக்கலாம், அதைச் சாட்டாக்க வேண்டாம். அப்பா திரும்பக் குடிக்கிறாரா என்று காவல் இருக்கிற வேலையை அவனுக்குக் கொடுக்கவே கூடாது. மன்னிப்பது அவன் விருப்பம், அதற்குத் திகதி வைக்க முடியாது. ஒரே ஒரு விஷயம்: அப்பாவின் நாட்கள் குறைவு என்று டொக்டர் சொல்லிவிட்டால் அதை அவனுக்குத் தெரியப்படுத்துங்கள். பார்க்க வருவதா இல்லையா என்பதை, தெரிந்துகொண்டு அவனே முடிவெடுக்கட்டும்.

"அப்பா சாவாரா?" எண்டு கேட்டால் என்ன சொல்ல?

"இல்ல மகள், சாக மாட்டார்" என்று சத்தியம் செய்ய வேண்டாம். இன்றைக்கு என்ன நிலையோ அதைச் சொல்லுங்கள்: "டொக்டர்மார் மருந்து செய்யிறாங்க. இப்ப அப்படி யாரும் சொல்லல்ல. அப்படி ஏதும் மாறினா நான் உனக்குச் சொல்லுவன்." சொன்னபடி மாறும்போது சொல்லவும் வேண்டும். இனி மருந்தால் குறையாது என்று டொக்டர் சொல்லிவிட்டால்: "வருத்தம் கூடிட்டுது. இப்ப குடுக்கிற மருந்து நோவைக் குறைக்கத்தான். அப்பா செத்துப்போவார். எப்ப எண்டு தெரியாது. நான் உங்களோட இருப்பன்." எழுதும்போதே கை தடுமாறுகிற வசனங்கள்தான் இவை. வேறு வழியில் சொல்லி நன்றாக முடிந்ததை நான் பார்க்கவில்லை.

"தூங்கிப் போவார்" என்றால் பிள்ளை இரவில் தூங்கப் பயப்படும். "வெளிநாடு போயிட்டார்" என்பது எங்கள் பகுதியில் இன்னும் மோசம். வெளிநாடு போன எத்தனையோ அம்மாமார் பயணப் பெட்டியோடு திரும்பி வருவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. "நல்லவர்களை அல்லாஹ், கடவுள் சீக்கிரம் எடுத்துக்கொள்வான்" என்றால் நல்ல பிள்ளையாக இருக்கவே பயம் வரும். இறைவனிடம் போகிறார் என்பது உங்கள் நம்பிக்கை என்றால் சொல்லுங்கள், கூடவே உடம்பு வேலை செய்யாது, திரும்பி வரமாட்டார் என்பதையும் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்குள் பெரும்பாலும் இன்னொரு கேள்வி இருக்கும்: என்னை யார் பார்ப்பார், ரியூசன் காசு யார் கட்டுவார், நாங்கள் இந்த வீட்டில்தான் இருப்போமா? கேட்க வெட்கப்படுவார்கள். நீங்களாகச் சொல்லுங்கள்.

வாப்பா மௌத்தாகிட்டார் எண்டா பிள்ளையளை ஜனாஸாவில நிக்க விடலாமா? எங்கட பக்கத்து வீட்டுத் தமிழ் ஆட்களும் கொள்ளி வைக்கிறதப் பத்திக் கேட்டாங்க.

இரண்டு பேருக்கும் ஒரே பதில். என்ன நடக்கும் என்று முன்பே விளக்கி, அவர்களுக்கு விருப்பமா என்று கேட்டு, பக்கத்தில் அவர்களை மட்டும் கவனிக்க ஒரு பெரியவரை வைத்தால் நிற்கலாம். ஒளித்து வைக்கப்பட்ட பிள்ளைகள் பல வருஷம் கழித்தும் "என்னைக் கடைசியாப் பார்க்க விடல்ல" என்று சொல்கிறார்கள். ஜனாஸா ஒரு நாளுக்குள் முடிந்துவிடும், அதனால் விளக்க நேரம் குறைவு, முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். உம்மா நாலு மாதமும் பத்து நாளும் இத்தாவில், அதாவது கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்கும் துக்கக் காலத்தில், இருப்பதற்குக் காரணம் சொல்லாவிட்டால், உம்மாவுக்கும் அதே வருத்தம் வந்துவிட்டது என்று சின்னவர்கள் நினைக்கலாம்.

எட்டு வயது மகன் கொள்ளி வைக்க வேண்டி வந்தால் தாய்மாமன் அவன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். மாட்டேன் என்று அழுதால் வேறு ஒருவர் செய்ய வழி இருக்கிறது, ஐயரிடமோ ஊர்ப் பெரியவரிடமோ முதலே பேசி வையுங்கள். எட்டும் முப்பத்தொன்றும் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகுதான் பிள்ளைக்கு உண்மையாகவே உறைக்கத் தொடங்கும். அப்பாவை நினைத்து ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போவதும், அம்மாவை நினைத்துச் சித்திரா பௌர்ணமிக்கு விரதம் பிடிப்பதும் பிள்ளைகளுக்கு நல்லது. வருஷத்தில் ஒரு நாள் அவர்களைப் பற்றித் தாராளமாகக் கதைக்கலாம் என்று தெரிகிறது.

எப்ப டொக்டரிட்ட காட்டுறது?

இரண்டு கிழமைக்கு மேல் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், பாடசாலைக்குப் போக மாட்டேன் என்று நின்றால் காட்டுங்கள். தன்னைத்தானே காயப்படுத்தினாலோ "நானும் அம்மாவோட போறன்" என்றாலோ அன்றைக்கே காட்டுங்கள். சின்னப் பிள்ளை அதை அம்மாவைப் பார்க்கும் ஆசையில் சொல்லியிருக்கலாம், ஆனாலும் "சாகணும் எண்டு நினைக்கிறியா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. பெரியாஸ்பத்திரியில் உளநலப் பிரிவு இருக்கிறது, அரச சேவை என்பதால் காசு இல்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். போனில் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926, பிள்ளைகளுக்கு 1929. இரண்டும் இரவிலும் இயங்கும், தமிழில் பேசலாம். "விசர் ஆஸ்பத்திரிக்கா கூட்டிப் போறீங்க?" என்று கேட்கிற சொந்தக்காரருக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அம்மாக்கு இப்ப சுகம். மருந்தெல்லாம் முடிஞ்சுது. ஆனா மகன் இரவில எழும்பி வந்து அம்மா மூச்சு விடுறாவா எண்டு பார்க்கிறான். இப்ப என்னத்துக்கு?

வைத்தியம் நடக்கும் காலத்தில் வீடே ஓடிக்கொண்டிருக்கும், பயப்பட நேரம் இருக்காது. முடிந்த பிறகுதான் பயம் வெளியே வரும். சில மாதம் போகலாம். ஏசவும் சிரிக்கவும் வேண்டாம், அம்மா கையை நீட்டி "நான் இருக்கன், வா" என்றால் போதும். அவனுக்கும் கிளினிக் திகதியைக் கலண்டரில் குறித்துக் காட்டுங்கள். இனி மூன்று மாதத்துக்கு ஒரு தரம் போவது வருத்தம் திரும்பியதால் இல்லை, பார்த்துக்கொள்ளத்தான் என்று சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்த அன்று, நல்லதோ கெட்டதோ, பெரியம்மாவுக்குப் போன் எடுக்கும் முன் அவனிடம் சொல்லுங்கள்.